முதல் கேமரா வாங்குகிறவர்களுக்கு

"அண்ணா, எந்தக் கேமரா வாங்கலாம்?" பெங்களூரில் படம் எடுக்கிறவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் கேள்வி இது. கேட்கிறவர்களில் பலர் ஐடி வேலையில் இருக்கும் இளைஞர்கள். லட்ச ரூபாய் கேமராவைத் தவணையில் வாங்கத் தயாராக இருப்பவர்கள். அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். அதனாலேயே, பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. கேமராவை மாற்றினால் படம் மாறிவிடும் என்ற நம்பிக்கைதான் புதிதாக வருகிறவர்களை அதிகம் அலைக்கழிக்கிறது.

முதலில் மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் படம் என்றால் அகலத்தில் 6000 புள்ளி, உயரத்தில் 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிட்டால் 20 அங்குல அகலம் வரும். கூடத்துச் சுவருக்கு அது தாராளம். 4கே டிவியின் திரையே சுமார் 8 மெகாபிக்சல்தான். எண்ணைக் கூட்டுவதற்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் வாங்கலாம். கேமராவோடு தரும் 18-55 லென்ஸ், ஜூம் செய்த நிலையில் பெரும்பாலும் எஃப்/5.6 அளவுக்குத்தான் திறக்கும். 1.8 லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மாலையில் வீட்டுக்குள் குழந்தையைப் படம் எடுக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

விலை கூடிய கேமரா எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த நம்பிக்கை. விடிகாலையில் பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய், மல்லிகைக் குவியலை மட்டும் சட்டகம் நிறைய ஆட்டோ முறையில் எடுத்துப் பாருங்கள். பூ பெரும்பாலும் மங்கலாக, சாம்பல் படிந்ததுபோல் வரும். எதிரே இருப்பது மல்லிகையா எருமையா என்று கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்குத் தெரியாது. எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுப்பதுதான் அதன் இயல்பு. வெள்ளை வேட்டி மங்குவதும், கறுப்புக் கோட்டு வெளுப்பதும் இதனால்தான். வெள்ளைக்குச் சற்றுக் கூட்ட வேண்டும், கறுப்புக்குச் சற்றுக் குறைக்க வேண்டும். கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பித்தான் இதற்கென்றே கேமராவில் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை.

மேனுவல் முறையில் எடுத்தால்தான் புகைப்படக்காரர் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். மேனுவலில் வைத்துவிட்டு, ஒளிமானியின் முள் பூஜ்யத்தில் வந்து நிற்கும்வரை சக்கரத்தைத் திருப்பினால் கிடைப்பது அதே சாம்பல் மல்லிகை. முடிவெடுத்தது அப்போதும் ஒளிமானிதான்.

வெயில் இல்லாத நாளில் படம் நன்றாக வராது என்பதும் தவறு.  பெங்களூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் மேகமூட்டம். அந்த மெல்லிய வெளிச்சத்தில் முகங்களைப் பாருங்கள்: கண்ணுக்குக் கீழே கரும்பள்ளம் விழாது, தோலின் நிறம் உள்ளபடி வரும். உச்சி வெயில்தான் முகத்தைக் கெடுக்கும். மற்ற ஊர்க்காரர்கள் ஏங்கும் வெளிச்சம் நமக்கு நான்கு மாதம் வாசலிலேயே கிடைக்கிறது.

கணினியில் படத்தைத் திருத்துவது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்களுக்கு இந்த ஊரின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1854-இல் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படம் எடுத்தார். 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகி, பெங்களூரைத் தளமாகக் கொண்டு வேலை செய்தார். இங்கிருந்து புறப்பட்டுப் போய்த்தான் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் படங்களை எடுத்தார். பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதமே அவருடைய நெகட்டிவ். அந்தக் காலத்து ரசாயனம் நீல நிறத்துக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டியதால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ட்ரைப் நெகட்டிவிலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முடியாதபோது, 21 படங்களை வரிசையாக ஒட்டி சுமார் 19 அடி நீளத்துக்குக் காட்டினார். கருவியின் குறை என்ன என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அதற்கு ஏற்றபடி வேலை செய்தார். இன்றைய ஜேபெக் படத்திலும் நிறம், கூர்மை, மாறுபாடு எல்லாவற்றையும் கேமரா தன் போக்கில் திருத்தித்தான் தருகிறது. திருத்தத்தைக் கேமரா செய்வதா நீங்கள் செய்வதா என்பதே கேள்வி. இல்லாத ஒன்றை நடந்ததாகக் காட்டினால்தான் அது பொய்.

நல்ல படத்துக்காக லடாக்குக்கோ மசாய் மாராவுக்கோ போகவேண்டியதும் இல்லை. மைசூரில் பிறந்த டி.எஸ். சத்யன் பெயர் பெற்றது தெருக்களிலும் பள்ளிகளிலும் அன்றாட வாழ்க்கையை நடத்திக்கொண்டிருந்த மனிதர்களைப் படமெடுத்து. அவருடைய குழந்தைப் படங்கள் 1979-இல் நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இதையெல்லாம் எங்கே கற்பது? மனிதர்களிடம். காட்டுயிர்ப் படங்களுக்காக உலக அளவில் மதிக்கப்பட்ட பெங்களூர்க்காரர் டி.என்.ஏ. பெருமாள், ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்தவரிடம் கற்றார். பிறகு 2017-இல் மறையும்வரை அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டியாக இருந்தார். 1971-இல் தொடங்கிய யூத் போட்டோகிராஃபிக் சொசைட்டி இன்றும் இந்த ஊரில் இயங்குகிறது. படத்தை நடுவில் வைத்து, இங்கே கண் நிற்கவில்லை, இந்த ஓரத்தை வெட்டியிருக்கலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஆட்கள் அமைவது பெரிய கொடுப்பினை. சமூக ஊடகத்தின் லைக்குகள் அந்த வேலையைச் செய்யாது.

ஆகவே தம்பி, தங்கையரே, இப்போதைக்குக் கையில் இருப்பது கைப்பேசியானாலும் பழைய கேமராவானாலும் அதுவே போதும். மாதம் பத்துப் படங்களை அச்சிடுங்கள். விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டி, குறையை மட்டும் கேளுங்கள். ஒரு வருடம் இப்படிச் செய்தபின், "இன்ன காரியம் இந்தக் கேமராவால் முடியவில்லை" என்று உங்களால் ஒரே வரியில் சொல்ல முடிந்தால், அன்றைக்குக் கடைக்குப் போங்கள். எந்தக் கேமரா வாங்க வேண்டும் என்று அப்போது யாரையும் கேட்க வேண்டியிருக்காது.