தண்ணி இல்லையா, குளிக்கத் தடையா?

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் டெக்னிக்கல் மொக்கை. நிரல் எழுதாதவங்க அருவிக்காகவாவது படிங்க :-)

குற்றால சீசன் ஜூன்ல ஆரம்பிக்கும்னு காலண்டர் சொல்லும். அதை நம்பி ரூம் போட்டுட்டு வர்ற வெளியூர்க்காரங்க சில வருஷம் காஞ்ச பாறையப் பாத்துட்டுத் திரும்புவாங்க. தென்காசிக்காரங்க நாங்க, போயிட்டு வந்தவங்ககிட்ட 'தண்ணி விழுதா?'ன்னு கேட்டுட்டுத்தான் துண்டையே எடுப்போம்.

லினக்ஸ்ல லைப்ரரி எழுதுறவங்களும் இப்படித்தான் இருக்கணும்ங்கிறது என் கட்சி. கெர்னல் வெர்ஷன் எண்ணைப் பாத்து 'இதுல இந்த வசதி இருக்கும்'னு முடிவு பண்றது காலண்டர் பாக்குற வேலை. ரெட்ஹாட் மாதிரி ஆளுங்க பழைய எண்ணை அப்படியே வச்சுக்கிட்டு புது வசதிகளை உள்ள சேத்துடுவாங்க. எண் என்னத்தைச் சொல்லும்? கூப்பிட்டுத்தான் பாக்கணும். 'கெட்ரேண்டம்' அழைப்பு 2014-ல, கெர்னல் 3.17-ல வந்துச்சு. அதுக்கு முந்தின கெர்னல்ல கூப்பிட்டா 'ஈநோசிஸ்'னு பதில் வரும். அப்படி ஒண்ணு எங்கிட்ட இல்லைன்னு அர்த்தம். உடனே பழைய வழிக்கு, 'யூரேண்டம்' கோப்புக்குப் போயிடலாம். மெயின் அருவி காஞ்சிருந்தா ஐந்தருவிக்கு வண்டியத் திருப்பிப் பாக்குற மாதிரி.

வில்லங்கம் எங்கன்னா, 'தண்ணி இல்லை' வேற, 'வெள்ளம், குளிக்கத் தடை' வேற. ரெண்டாவதுக்கு கெர்னல் பாஷையில 'ஈபெர்ம்'னு பேரு. 2021 ஆகஸ்ட்ல வந்த ஜிலிப்சி 2.34, த்ரெட் உருவாக்க முதல்ல 'க்ளோன்3'ஐக் கூப்பிடும். ஈநோசிஸ் வந்தா பழைய 'க்ளோன்'. ஆனா அன்னிக்கு இருந்த டாக்கரோட பாதுகாப்பு வடிகட்டி, தனக்குத் தெரியாத அழைப்புக்கும் ஈபெர்ம்னு சொல்லி வச்சுது. த்ரெட்டே உருவாகாம புரோகிராம்கள் படுத்துருச்சு. ஈபெர்ம் வந்தாலும் பழைய வழிக்குப் போகலாமேன்னு சிலர் கேட்டாங்க. ஜிலிப்சி அசையல. சரியான முடிவு. போலீஸ் கயிறு கட்டி வச்சிருக்கிற எடத்துல 'தண்ணி இல்ல போல'ன்னு நெனச்சுக்கிட்டு வேற பக்கமா எறங்குனா, அப்புறம் கயிறு எதுக்கு? கடைசியில டாக்கர்தான் 20.10.10-ல திருத்திக்கிச்சு.

அதுக்காக எல்லாப் பழைய கெர்னலையும் காலாகாலத்துக்கும் தூக்கிச் சுமக்கச் சொல்லல. யாரும் டெஸ்ட் பண்ணாத மாற்று வழி, இல்லாததைவிட ஆபத்து. ரஸ்ட்காரங்க 2022 செப்டம்பர்ல, 1.64 வெளியீட்டுல, 2.6.32-ஐ விட்டுட்டு 3.2-க்கு ஏறினாங்க. முந்தின மாசமே அறிவிச்சுட்டுத்தான் செஞ்சாங்க, அது மரியாதை. உங்க ஆபீஸ் மூலையில இன்னும் 2.6.32 பெட்டி ஒண்ணு ஓடுதுன்னா 1.63-லேயே நின்னுக்கோங்க.