காய்ச்சல் சீட்டில் ஒரு வரி



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் டிங்கி என்பர். அடுத்து எலிக் காய்ச்சல் என்பர். மூன்றாவதாக உண்ணிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. அதை நினைப்பவர் சிலரே.

எலிகள் நடமாடும் லாலாங் புல்லிலும் புதரிலும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணிக் குஞ்சுகள் காத்திருக்கின்றன. கடித்த ஆறாம் நாள் முதல் மூன்று வாரத்திற்குள் கடுங்காய்ச்சலும் தலைவலியும் தாக்கும். கடிபட்ட இடத்தில் சுருட்டு நெருப்புச் சுட்டதுபோல் கறுத்த பொருக்குத் தோன்றலாம். அது வலிக்காது, அக்குளிலும் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் மறைந்திருக்கும். சிலருக்குத் தோன்றுவதேயில்லை.

மருந்து இல்லாத நோயா இது? இல்லை! 1948-ல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், அமெரிக்க டாக்டர் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் குளோரோமைசெட்டின் மருந்தால் இதனைக் குணப்படுத்திக் காட்டினர். உலகுக்கு வழிகாட்டிய அச்சோதனை நம் நாட்டில் நடந்தது. இன்று விலை மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரை உண்டு; காலத்தில் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் தணியும். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் கொடுப்பர். பெனிசிலினோ இந்நோய்க்குப் பயன்படாது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை கெட்டு உயிரே போகலாம்.

மருந்து இருந்தும் உயிர் போவது நியாயமா? இரத்தச் சோதனை முடிவு வர நாளாகும். ஆகவே சந்தேகம் எழுந்ததுமே டாக்டர் மருந்தைத் தொடங்க வேண்டும். அவருக்குச் சந்தேகம் எழ, நோயாளி புதரில் வேலை செய்பவர் என்று தெரிய வேண்டுமல்லவா?

கிராணிமார்களே, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டில் "காய்ச்சல்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் காட்டில், என்ன வேலை, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று ஒரு வரி சேருங்கள். மரம் வெட்டும் தோழர்களே, கூச்சப்படாமல் உடல் முழுவதையும் டாக்டரிடம் காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு உழைப்போருக்கும் மொழி தெரிந்தவர் துணை நின்று சொல்லுங்கள்.

நிர்வாகமும் தன் பங்கைச் செய்யட்டும். நிரைகளில் புதரை வெட்டுவதும், காலணியும் பூச்சி விரட்டும் மருந்தும் தருவதும் தர்மமல்ல, கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை!