நமக்குப் பெருமிதம், அயலார்க்கு இறுமாப்பு

கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் முனைவர் பட்டப் பாராட்டுகளிலும் இன்று மிக மலிந்து கிடக்கும் சொல் ‘பெருமிதம்’. அதனை எழுதுவோர் அது மாசற்ற நற்சொல் என்றே நம்புகின்றனர். ‘பண்டுதொட்டு அதற்கு அதுவே பொருள்’ என்று சாதிப்போரும் உளர். நூல்கள் அக்கூற்றுக்கு இடந்தரவில்லை.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகப் பெருமிதத்தை வைத்து, கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கனை அதற்கு நிலைக்களன் ஆக்குகிறது. அங்கே அது உயர்ந்ததே. எனினும் காரணமின்றித் தோன்றுவதன்று.

திருக்குறளிலோ அச்சொல் இருமுகம் காட்டுகிறது. குற்றங்கடிதலில் (குறள் 431) செருக்கு முதலிய குற்றங்கள் நீங்கியோரின் ஆக்கத்துக்கே பெருமிதம் உரியது. அங்கே பொருள் மேம்பாடு. பெருமை அதிகாரத்தில் (குறள் 979) பெருமிதம் இல்லாமையே பெருமை. அதனை ஏற்றிக்கொண்டு திரிவது சிறுமை. இவ்விடத்தில் பரிமேலழகர் கொள்ளும் பொருள் தருக்கு. தருக்குதற்குக் காரணம் இருந்தும் தருக்காமை பெருமை. காரணம் இல்லாதபோதும் தருக்குதல் சிறுமை என்பது அவர் உரையின் சாரம். ஒரே நூல், ஒரே சொல், எதிரெதிர்ப் பொருள்.

சொற்பொருள் மாறுவது இயல்புதானே என்று மொழியியல் மாணவர் வினவலாம். இயல்பே. இரு பொருளில் ஒன்று வழக்கொழிவதில் குற்றமில்லை. ஒழிந்ததை மறைத்து, எஞ்சியதற்குத் தொன்மைச் சான்றிதழ் வழங்குவதே குற்றம். அதன் விளைவும் சிறிதன்று. தன்னை வியந்து மகிழும் மனநிலையைச் சுட்டத் தமிழில் செருக்கு, தருக்கு, இறுமாப்பு எனச் சொற்கள் பல உள. அவையெல்லாம் பிறரைச் சுட்டவே பயன்படுகின்றன. தன் குழுவின் தருக்குக்குப் பெருமிதம் என்று பெயர். அயலாரின் பெருமிதத்துக்கு இறுமாப்பு என்று பெயர். ஒருவர் தம்மைத் தாமே ஐயுறுவதற்கு உதவிய பொருள்தான் வழக்கிழந்தது.

திருவனந்தபுரத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் வழியாக, வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962-இல் வெளிவந்தது. கணிப்பொறியின் துணை எளிதிற் கிட்டாத காலத்தில், ஒவ்வொரு சொல்லையும் அது வரும் இடத்தோடு நிரல்படுத்திய உழைப்பு அது. ஒரு சொல்லின் பொருளைத் துணிவதற்கு முன் அது பயிலும் இடங்களைப் பார்க்க வேண்டும் என்பதே அந்நூல் கற்பிக்கும் ஒழுக்கம்.

ஓர் அடைவையும் புரட்டாமல் ‘பண்டுதொட்டு’ என்று எழுதி, அதன்கீழ்ப் ‘பெருமிதம் கொள்கிறோம்’ என்று முடிப்பவர் கொள்வது எந்தப் பெருமிதம்? கல்வியில் பிறப்பதாகத் தொல்காப்பியர் சொன்னதா, சிறுமை என்று வள்ளுவர் கடிந்ததா?