பழுதான நிரலைக் கையில் கொடுங்கள்

பெங்களூரு பொறியியல் கல்லூரிகளில் கணினி லேப் தேர்வு எப்படி நடக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்திலேயே லேப் புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். பலரும் அவற்றை ரெக்கார்டு நோட்டிலிருந்து உருப்போட்டு எழுதி, ஓட்டிக் காட்டி, வைவாவில் நாலு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே வருகிறார்கள். தமிழ்நாட்டிலும் கதை பெரிதாக வேறில்லை. ஆனால் இதே பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும் அவர்களிடம் தரப்படுவது பெரும்பாலும் யாரோ எழுதிவிட்டுப் போன, பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் ஓடுகிற பழைய நிரல். அதைச் சரிசெய்யும் திறமையைத் தேர்வு எங்கேயும் கேட்டதே இல்லை. லேப் மதிப்பெண்ணில் சரிபாதியைப் பழுதான நிரலைச் சீராக்குவதற்கு ஒதுக்க வேண்டும் என்கிறேன்.

எந்த மாதிரிப் பழுது என்பதற்கு ஓர் உதாரணம். ஜிம் ஃபுல்டன் முன்னின்று உருவாக்கிய 'ஜோப் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ்' என்ற தரவுத்தளம் பைத்தான் பொருள்களை அப்படியே சேமித்து வைக்கும். அட்டவணையும் வேண்டாம், எஸ்கியூஎல் கட்டளையும் வேண்டாம். இதற்கான பயிற்சி நிரல் ஒன்றில் 'மாணவர்' என்று ஒரு கிளாஸ், அதற்குள் மதிப்பெண்களுக்கு ஒரு லிஸ்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவரை உருவாக்கி கமிட் செய்கிறோம், சேமிக்கப்படுகிறது. அடுத்து அந்த லிஸ்டில் 78-ஐ அப்பென்ட் செய்து மறுபடி கமிட் செய்கிறோம். பிரின்ட் எடுத்தால் 78 இருக்கிறது. நிரலை மூடிவிட்டுத் திறந்தால் காணோம்! எரர் எதுவும் வரவில்லை. காரணம் இதுதான்: மாணவர் என்ற பொருளின் பண்பு ஒன்றுக்குப் புது மதிப்பு தரும்போதுதான் தரவுத்தளத்துக்குச் சேதி போகும். உள்ளே இருக்கும் சாதாரண பைத்தான் லிஸ்ட் தன்னிடம் நடந்த மாற்றத்தை யாருக்கும் சொல்லாது. இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அதே கமிட்டுக்கு முன்னால் மாணவரின் முகவரியையும் மாற்றியிருந்தால் பொருள் முழுவதும் புதிதாக எழுதப்படும். அந்தச் சாக்கில் 78-ம் சேமிக்கப்பட்டுவிடும். ஆக, ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. சாதாரண லிஸ்டுக்குப் பதில் 'பெர்சிஸ்டென்ட் லிஸ்ட்' போட்டால் தீர்ந்தது. மாற்றம் ஒன்றிரண்டு வரிதான். ஆனால் அந்த வரிக்கு வந்து சேர, சேமிப்பு எப்படி நடக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். சரியான நிரலைப் பத்து முறை எழுதிப் பார்த்தாலும் அந்தப் புரிதல் வராது, ஏனென்றால் சரியான நிரல் அந்தக் கேள்வியையே எழுப்புவதில்லை.

இந்தத் தரவுத்தளத்தை இன்று யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கலாம். எஸ்கியூஎல் அளவுக்குப் புழக்கம் இல்லைதான். ஜெனீவா அருகிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தின் 'இன்டிகோ' மென்பொருள்கூட இதைக் கைவிட்டு போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு மாறிவிட்டது. ஆனால் அப்படி மாற வேண்டுமென்றால் பழைய பொருள்களைத் திறந்து படிக்கத் தெரிந்தவர்கள் தேவை. தவிர, நான் கேட்பது இந்த ஒரு தரவுத்தளத்தைப் பாடமாக்கச் சொல்லி அல்ல. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் இருக்கும் பைத்தானிலேயே இப்படி ஓசைப்படாத பழுதுகளுக்குப் பஞ்சமில்லை.

புதிதாகப் படிப்பவர்கள் மிரண்டுபோவார்கள் என்று ஆசிரியர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. முதல் மாதமே இதைத் தொடங்க வேண்டியதில்லை. ஆனால் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிக்கிறவருக்குப் பழுது கண்டுபிடிப்பது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. அவர் தாங்குவதைப் பொறியியல் மாணவர் தாங்கமாட்டாரா? செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நொடியில் திருத்தித் தந்துவிடுமே என்பது இன்றைய மறுப்பு. எரர் செய்தி இருந்தால் அதை ஒட்டிக் கேட்கலாம். 78 காணாமல் போன கதையில் ஒட்டுவதற்கு எதுவுமே இல்லை. என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, எந்த இடம் வரை சரியாக இருந்தது என்று கேட்பவர்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர் பாதி வேலையை முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு விதமாகத் திருத்துவார், யார் உட்கார்ந்து மதிப்பிடுவது? இதற்கான கருவி பைத்தானுக்குள்ளேயே இருக்கிறது. 2001-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து அதில் 'டாக்டெஸ்ட்' உண்டு. விளக்கவுரையில் எழுதிய உதாரணங்களை ஓட்டிப் பார்த்து, எதிர்பார்த்த விடை வருகிறதா என்று அது ஒப்பிடும். அதை எழுதிய டிம் பீட்டர்ஸ், மேலே சொன்ன தரவுத்தளத்திலும் வேலை செய்தவர். தேர்வாளர் செய்ய வேண்டியது, தரவுத்தளத்தை மூடித் திறந்து 78 இருக்கிறதா என்று பார்க்கும் சில வரிகளை எழுதி வைப்பதுதான். முகவரி மாற்றாமல் ஒரு முறை, மாற்றி ஒரு முறை. எப்படித் திருத்தினாலும் இரண்டிலும் 78 வந்தால் பாதி மதிப்பெண். மீதிப் பாதி, பழுது எங்கே, ஏன் என்று மாணவர் தன் கையால் எழுதும் ஐந்தாறு வரிகளுக்கு. பட்டியலில் இப்போது இருக்கும் புரோகிராம்களே இதற்குப் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு வரியைக் கெடுத்துக் கொடுத்தால் சரி.