புள்ளியிடுவோர் கணக்குக் காட்டட்டும்!

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசைப் பற்றிய வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் எத்தனை கிலோ கழிக்கப்படுகின்றது, எந்தக் கணக்கிற் கழிக்கப்படுகின்றது என்று தொழிலாளி கேட்பது நியாயமே. ஆனால் அதே தொழிலாளியின் பிள்ளையை நிறுக்கும் இன்னொரு தராசு இந்நாட்டில் உண்டு. அதன் பெயர் பரீட்சை. அத்தராசு நேர்தானா என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

புள்ளிக் கணக்கின் கொடுமையை இலங்கைத் தமிழன் அறியாதவனல்லன். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவன் 227 புள்ளிகளுடன் நுழைந்தான்; தமிழ் மொழிமூல மாணவனுக்கோ 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. தரப்படுத்தல் என்னும் பெயரால் மூட்டப்பட்ட அத்தீ எதுவரை பரவிற்று என்பதை வரலாறு சொல்லும். பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. 2001இல் இசட் புள்ளி வந்தது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிற் புதிய பாடத்திட்டத்தாரையும் பழைய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்தார்கள். 2012 ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அக்கணக்கைத் தள்ளி, இரு சாராருக்கும் வெவ்வேறாகக் கணிக்குமாறு பணித்தது. நாட்டின் தலையாய பரீட்சையின் கணக்கும் பிழைபடக்கூடும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

இசட் புள்ளியில் மாயமொன்றும் இல்லை. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்தாற் கிடைப்பது அது. கடினமான பாடத்தையும் எளிய பாடத்தையும் ஒரே கோலால் அளப்பதற்கு அது உதவும். ஆனால் வினாவே கோணலாக இருந்தால் என் செய்வது? தமிழ் வினாத்தாளில் ஒரு சொல் பொருள் மாறி நின்றால் என் செய்வது? இசட் புள்ளி அக்கோணலை நிமிர்த்தாது, நான்கு தசமதானம் வரை துல்லியமாக அதனை எழுதிக் காட்டும், அவ்வளவே.

வினாவைச் சோதிக்கும் முறை உலகுக்குப் புதியதன்று. விடைத்தாளுக்குப் புள்ளியிடும் 805 என்னும் பொறியை ஐ.பி.எம். நிறுவனம் 1938இல் வெளியிட்டது. அதன் மூலக் கருத்தைக் கண்டவர் அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியர். அதற்கு முந்திய ஆண்டிலேயே, ஒரு பரீட்சை எவ்வளவு நம்பத்தக்கது என்பதைக் கணிக்கும் வாய்பாட்டைக் கூடரும் ரிச்சர்ட்சனும் வகுத்துவிட்டனர். இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கெனத் தனிப் பணிமனை உண்டு. விரிவுரையாளர் விடைத்தாள்களை அங்கே ஒப்படைப்பார். புள்ளிப் பட்டியலுடன் ஒவ்வொரு வினாவையும் பற்றிய அறிக்கையும் அவர் கைக்கு வரும்.

அவ்வறிக்கை என்ன சொல்லும்? நூறு பேரில் எத்தனை பேர் சரியாக விடையளித்தனர் என்று சொல்லும். அது வினாவின் எளிமை. கெட்டிக்கார மாணவர் அதனைச் சரியாகச் செய்தனரா, பின்தங்கியோர் தவறினரா என்று சொல்லும். அது வினாவின் பிரித்தறியும் ஆற்றல். முதல்வரிசை மாணவர் தவறி, கடைசி வரிசையினர் சரியாகச் செய்த வினா ஒன்று இருக்குமாயின், குற்றம் மாணவரிடத்து இல்லை. வினாவிலோ விடைக் குறிப்பிலோ இருக்கின்றது. இன்னும் ஒரு படி உண்டு. மொத்தப் புள்ளியில் ஒரே தரத்தில் நிற்கும் சிங்கள மொழிமூலத்தாரையும் தமிழ் மொழிமூலத்தாரையும் எடுத்துக்கொள்வோம். ஏனைய வினாக்களிற் சமமாக நிற்கும் இவர்களுள், ஒரு வினாவில் மட்டும் தமிழ்ப் பிள்ளைகள் சறுக்கினால், முதலில் ஐயுற வேண்டியது அப்பிள்ளைகளின் அறிவையன்று, அவ்வினாவின் தமிழை! மொழிபெயர்ப்புப் பிழை பற்றிய முறைப்பாடு ஆண்டுதோறும் எழுகின்றது, ஆண்டுதோறும் அடங்குகின்றது. எண்ணைக் காட்டி வழக்குரைப்பார் இன்மையே அதற்குக் காரணம்.

இனி ஊவாவுக்கு வருவோம். பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுட் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மக்கள்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியன. பதுளையும் மொனராகலையும் அப்பதினாறனுள் அடங்கும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்கள் ஏறத்தாழ 8 இலட்சத்து 15 ஆயிரம் பேர். அவருள் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்ட மலையகத் தமிழர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். பதுளைக்குரிய இடங்களைக் கணிக்கும்போது பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைத் தோட்டங்களின் தலைகளும் எண்ணப்படுகின்றன. தலை எண்ணும்போது தோட்டத்தான் வேண்டும். இடம் பங்கிடும்போது அவன் பிள்ளை எங்கே? அறிவியற் பிரிவும் ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத பள்ளியிற் படித்தவனும், நகரத்துக் கல்லூரியிற் படித்தவனும் மாவட்டச் சராசரி என்னும் ஒரே போர்வைக்குள் மறைக்கப்படுகின்றனர். மேட்டு வயலின் வரட்சியையும் பள்ளத்து வயலின் வெள்ளத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, நீர் போதுமென்று சொல்லும் அதிகாரியை எந்த விவசாயி ஏற்பான்?

2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே நிற்கின்றது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே அங்கே ஒரு பட்டநெறி உண்டு. அங்கே போதனை ஆங்கிலத்தில். பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் படித்த பிள்ளை ஆங்கில வினாத்தாளின் முன் அமரும்போது, அத்தாள் அளப்பது அவனது பாட அறிவையா, ஆங்கில வாசிப்பையா? விரிவுரையாளர் நேர்மையாளர் என்பதை நாம் ஐயுறவில்லை. ஆனால் அளவுகோலைச் சோதிக்காத நேர்மை பிள்ளைக்கு என்ன பயன் தரும்?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, பரீட்சைத் திணைக்களம் வினாவாரியான மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிட்டு வந்துள்ளது. அதனை நாம் பாராட்டுகின்றோம். அக்கணக்கு மொழிமூலவாரியாகவும், மாவட்டவாரியாகவும், தோட்டப் பாடசாலைகளுக்குத் தனியாகவும் பிரிக்கப்பட்டு ஆசிரியர் கையிற் சேர வேண்டும். இரண்டாவது, ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திற் புள்ளியிடுதலுக்கும் வினாப் பகுப்பாய்வுக்கும் ஒரு பணிமனை அமைய வேண்டும். அது தன் விரிவுரையாளர்க்கு மட்டுமன்றி, ஊவாவின் பாடசாலை ஆசிரியர்க்கும் கட்டணமின்றிப் பணி செய்ய வேண்டும். மூன்றாவது, தமிழ் வினாத்தாள் சிங்களத் தாளின் நிழலாக இராமல், பாடமறிந்த தமிழாசிரியர் முதல்நாள் தொட்டே அமர்ந்து ஆக்கும் தாளாக இருக்க வேண்டும்.

பணமில்லை என்பார்கள். பாடசாலையில் இருக்கும் ஒரு கணினியே இக்கணக்கைச் செய்யும். இரகசியம் என்பார்கள். பரீட்சை முடிந்து பெறுபேறும் வெளிவந்தபின், பெயரும் சுட்டிலக்கமும் நீக்கிய எண்ணில் என்ன இரகசியம்? தோட்டப் பிள்ளை படிப்பதில்லை என்பாரும் உளர். அப்படியாயின் அதனையாவது எண்ணைக் காட்டி மெய்ப்பிக்கட்டும். எந்தப் பாடத்தில், எந்த அலகில், எந்தப் பள்ளியில் என்று சொல்லட்டும். நோய் இன்னதென்று தெரிந்தாலன்றோ மருந்து கொடுக்கலாம்?

நம்மவர்க்கும் ஒரு சொல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. பதுளையிலும் பண்டாரவளையிலும் வழக்கறிஞரும் பொறியியலாளரும் கணக்காளரும் ஆசிரியருமாய் உயர்ந்துள்ள தமிழர், மேடையில் மலையகக் கல்வியைப் பற்றி இரங்கிப் பேசுவதோடு நில்லாது, ஒரு கடிதத்தாளை எடுத்து எழுத்து மூலம் இக்கணக்கைக் கேட்கட்டும். வரும் விடையை எண்ணறிந்தோர் ஆராயட்டும்; வராவிடின் ஆணைக்குழுவின் முன் மேன்முறையீடு செய்யட்டும்.

நாம் இலவசப் புள்ளி கேட்கவில்லை, சலுகையும் கேட்கவில்லை. நிறுப்பவன் தராசைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்றே கேட்கின்றோம். கொழுந்துக்குக் கேட்ட நியாயத்தைப் பிள்ளைக்குக் கேட்க நாம் ஏன் தயங்க வேண்டும்?