கியூவின் கைப்பிடி: நூல் சுற்றா, வெறும் மரமா?

பூல் ஆடும் ஒருவர் சொந்தமாக ஒரு கியூ வாங்கலாம் என்று முடிவெடுத்துவிட்டால் விசாரணைக்குக் குறைவிருக்காது. டிப் எத்தனை மில்லிமீட்டர், ஷாஃப்ட் மேப்பிள் மரமா கார்பன் ஃபைபரா, எடை 19 அவுன்ஸா 20 அவுன்ஸா என்று நண்பர்களைத் துளைத்தெடுப்பார். கைப்பிடி என்று வரும்போது மட்டும் கண் பார்த்துச் சொல்வதே முடிவாகிவிடும். நூல் சுற்றியது கம்பீரமாகத் தெரிகிறதா, அது. மரத்தின் ரேகை அழகாக ஓடுகிறதா, இது. அடிக்கிற கை ஆட்டம் முழுக்கப் பற்றியிருக்கப் போகும் இடத்தை இப்படி அலட்சியமாகத் தேர்ந்தெடுப்பது சரியில்லை.

முதல் கியூ வாங்குபவர் சுற்று இல்லாத, பளபளப்புக் குறைந்த மரக் கைப்பிடியை எடுப்பதே நல்லது. உள்ளங்கை அதிகம் வியர்ப்பவர்கள் லினன் நூல் சுற்றியதை எடுக்கலாம். தோல் சுற்று, இந்த இரண்டும் கைக்கு ஒத்துவராதவர்களுக்கு மட்டும். கியூ விற்பவர்களில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்லக்கூடும், ஏனென்றால் தோல் சுற்றுக்கு விலை அதிகம்.

மேசைப் பந்தாட்டங்களில் தமிழ்நாட்டுக்கு நெருங்கிய உறவுள்ளது பூல் அன்று, ஸ்னூக்கர். 1875-இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி தொடங்கிவைத்த அந்த ஆட்டத்துக்கு, 1882-இல் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. ஸ்னூக்கர் கியூவின் கைப்பிடியில் நூலும் இல்லை, தோலும் இல்லை. முன்பக்கம் ஆஷ் அல்லது மேப்பிள், பின்பக்கம் பெரும்பாலும் கருங்காலி. அடிப்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். கோல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது குனிந்து பார்க்காமலே விரலுக்குத் தெரிந்துவிடும். ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ஹென்ட்ரி 1990 முதல் 1999 வரை வென்ற 7 உலகப் பட்டங்களும் சிறுவயதில் வாங்கிய ஒரு மலிவான மரக் கோலால் கிடைத்தவை. 2003-இல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனது ஸ்னூக்கர் உலகில் பெரிய செய்தியானது. ஆக, உச்ச நிலையில் ஆட வெறும் மரம் போதாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. சென்னையிலோ கோவையிலோ ஸ்னூக்கர் பழகிவிட்டுப் பூல் மேசைக்கு வருபவரின் கை ஏற்கெனவே மரத்துக்குப் பழகிய கை. அதற்கு நூலை மாட்டிவிட அவசரம் எதுவும் இல்லை.

பிறகு அமெரிக்கப் பூல் கியூவுக்கு மட்டும் சுற்று எப்படி வந்தது? ஒரு காரணம் கை நிற்கும் இடம். ஸ்னூக்கர் ஆடுபவர் கோலின் கடைக்கோடியைப் பிடிக்கிறார். பூல் ஆடுபவரின் கை சமநிலைப் புள்ளியிலிருந்து சில அங்குலம் மட்டுமே பின்னால் நிற்கும். சுற்று இருப்பதும் அந்த இடத்தில்தான், சுமார் 12 அங்குல நீளத்துக்கு. இன்னொரு காரணம் கோலைச் செய்யும் முறை. பல பூல் கியூக்களில் அடிக்கோல், அதாவது கோலின் பின்பாதி, ஒரே மரமாக இருப்பதில்லை. வேலைப்பாடுள்ள முன்பகுதி, நடுவில் கைப்பிடி, கடைசியில் உறைபோல ஒரு பகுதி என மூன்று துண்டுகளைத் திருகியும் ஒட்டியும் இணைக்கிறார்கள். முன்பகுதியும் கைப்பிடியும் சேரும் இடத்தை நூலோ தோலோ மூடிக்கொள்ளும். அதற்கு அடியில் இருக்கும் மரம் அழகாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, யாரும் பார்க்கப்போவதில்லை.

இந்தத் தொழிலில் ஒரு பெரிய பெயர் ஜார்ஜ் பலாபுஷ்கா. 1912-இல் ரஷ்யாவில் பிறந்தவர். 1924-இல் அமெரிக்கா வந்தவர். 1959-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் கியூ செய்யத் தொடங்கி, 1975-இல் இறக்கும்வரை செய்தார். அவருடைய கோல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஐரிஷ் லினன் நூல், சிலவற்றுக்குத் தோல். நைலான் வருவதற்கு முன் மீன்பிடித் தூண்டிலுக்குக் கட்டிய அதே வகை லினன் நூல்தான் அது. லினனுக்கு ஒரு குணம் உண்டு. நனைந்தால் பருத்தியைப் போலவே அதன் வலிமையும் கூடும். கடல் நீரில் கிடந்த நூலுக்கு உள்ளங்கை வியர்வை ஒரு பொருட்டே இல்லை.

1986-இல் மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கிய ‘தி கலர் ஆஃப் மணி’ படத்தில் பால் நியூமேன் டாம் குரூஸுக்குப் பரிசாகத் தருவது ஒரு பலாபுஷ்கா. படம் பார்த்தவர்கள் மத்தியில் அந்தப் பெயர் ஒரு கனவாகவே ஆனது. ஆனால் படப்பிடிப்பில் குரூஸ் கையில் இருந்தது பலாபுஷ்கா செய்த கோல் இல்லை. ஜாஸ் நிறுவனத்தின் கியூ. திரையில் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கைப்பிடியைக் கண்ணால் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

நல்ல லினன் சுற்று எப்படி வருகிறது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கைவேலை. கோலை லேத்தில் பூட்டி, நூலின் தடிமன் அளவுக்கே மரத்தில் ஆழமில்லாத பள்ளம் கடைகிறார்கள். பசை தடவி, லேத்தை மெதுவாகச் சுழலவிட்டு, ஒரு சுற்றை அடுத்த சுற்று ஒட்டி உட்காரும்படி நூலை இறுக்கமாக ஏற்றுகிறார்கள். கடைசி முனையைச் சுற்றுகளுக்கு அடியிலேயே இழுத்து மறைத்துவிடுகிறார்கள். பிறகு கஞ்சி போன்ற கரைசலைத் தடவி, அழுத்தித் தேய்த்துச் சூடேற்றுகிறார்கள். வேலை முடிந்த கைப்பிடி கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியைப் போல மொடமொடப்பாக, வழவழப்பாக இருக்கும். விரல் நகத்தால் வருடினால்தான் உள்ளே நூல் இருப்பது தெரியும். மரத்திலிருந்து நூலுக்குக் கை போகும் இடத்தில் மேடும் இருக்காது, பள்ளமும் இருக்காது. மலிவு கியூக்களில் நைலான் நூலைச் சுற்றி விடுகிறார்கள். அது வியர்வையை உறிஞ்சாது, கையில் வழுக்கும். ‘சுற்று பிடிக்கவில்லை’ என்று சொல்லும் பலர் உண்மையில் பிடித்துப் பார்த்தது நைலானைத்தான்.

வெறும் மரக் கைப்பிடிக்கு அமெரிக்காவில் நீண்ட காலம் மரியாதை இருந்ததில்லை. கிளப் சுவரில் சாத்தி வைத்திருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடும் ஒரே துண்டுக் கோலுக்கு அது அடையாளம். அதையே பந்தயக்காரர்கள் சாதகமாக்கிக்கொண்டார்கள். பார்வைக்குக் கிளப் கோல். நடுவில் கழற்றி மாட்டும் இணைப்பு. உள்ளே நல்ல தரம். அதற்கு ‘ஸ்னீக்கி பீட்’ என்று பெயர். எதிரில் ஆடுபவர், வந்திருப்பவர் புதியவர் என்று நினைத்துப் பணம் கட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று நிலைமை மாறிவிட்டது. பறவைக் கண் போன்ற புள்ளிகள் நிறைந்த மேப்பிளையும் கோகோபோலோவையும் முழு நீளத்துக்குக் காட்டும் சுற்றில்லாத கியூ, கண்ணாடிப் பெட்டிக்குள் உயர்ந்த விலையில் நிற்கிறது. நூல் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது நல்ல மரமும் துல்லியமான இணைப்பும் தேவைப்படுவதால் செலவு கூடுவதில் நியாயம் உண்டு. கோகோபோலோ உள்ளிட்ட ரோஸ்வுட் இன மரங்களின் சர்வதேச வணிகம் கட்டுப்பாட்டுக்குள் இருப்பதால், அந்த மரக் கோல் வாங்குபவர் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுற்று இருந்தால் அடி மென்மையாகிறது, வெறும் மரத்தில் அடி கூர்மையாக இருக்கிறது, அதனால் பந்து வேறு மாதிரி போகிறது என்று கிளப்புகளில் பேசிக்கொள்வார்கள். முதல் பாதியில் உண்மை உண்டு. கோலின் அதிர்வு கைக்கு வந்து சேரும் விதம் நூலில் ஒரு மாதிரி, மரத்தில் ஒரு மாதிரி. இரண்டாம் பாதிக்கு ஆதாரம் இல்லை. டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அதிர்வைக் கை உணர்வதற்குள் வெள்ளைப் பந்து டிப்பை விட்டுப் போயிருக்கும். பந்துக்குக் கைப்பிடியில் என்ன சுற்றியிருக்கிறது என்பது தெரியாது.

கைக்குத் தெரியும். கைப்பிடித் தேர்வில் கவனிக்க வேண்டியது அடிக்கு முந்திய அந்தச் சில நொடிகளை. பூல் ஆட்டத்தில் கோலை இறுக்கிப் பிடிப்பதில்லை. விரல்களில் தொங்கவிட்டு, முழங்கையிலிருந்து ஊசல்போல் ஆட்டுகிறார்கள். கோல் பின்னால் போகும்போது விரல்கள் சற்றே திறந்து, முன்னால் வரும்போது மூடுகின்றன. கைப்பிடி வழுக்கினால், நழுவிவிடுமோ என்ற பயத்தில் விரல்கள் தாமாகவே இறுகும். இறுகிய கையில் மணிக்கட்டு திரும்பும். டிப் ஒரு மயிரிழை பக்கவாட்டில் போகும். மேசையின் மறுகோடியில் அந்த மயிரிழை பாக்கெட்டின் உதட்டில் பந்து மோதித் திரும்பும் தூரமாகிவிடும். கைப்பிடி ஒட்டினாலும் அதே கெடுதல்தான், விரல்கள் திறந்து மூட முடியாமல் போகும். ‘கவ்பாய்’ ஜிம்மி மூர் போன்ற பழைய அமெரிக்க ஆட்டக்காரர்கள் அடிப்பதற்குச் சற்று முன் கையைக் கோலின் மேலேயே பின்னால் நழுவவிட்டு அடிப்பார்கள். அப்படி ஆடுபவருக்கு ஒட்டும் கைப்பிடி உதவாது. ஆக, வழுக்கவும் கூடாது, ஒட்டவும் கூடாது. அந்த இடைநிலை எதில் கிடைக்கிறது என்பது ஒவ்வொருவரின் தோலையும் பொறுத்தது.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கடையில் ‘வெறும் மரம்’ என்று விற்கப்படும் கைப்பிடியில் விரல் தொடுவது மரத்தை இல்லை, மரத்தின் மேல் பூசிய லேக்கரை. கண்ணாடி போல மின்னும் அந்தப் பூச்சு உலர்ந்த கையில் வழுக்கும். கடலோர ஊரில், ஏசி இல்லாத கிளப்பில், வியர்த்த கையில் ஒட்டும். ஆஷ் மரத்தாலான ஸ்னூக்கர் கோல்கள் பலவற்றை எண்ணெய் தேய்த்தே பராமரிப்பதால் அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. சுற்றில்லாத பூல் கியூவிலும் மங்கலான பூச்சு அல்லது எண்ணெய்ப் பூச்சு உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். சுற்றா, சுற்றில்லாததா என்ற வாதத்தில் பாதி, பூச்சு பளபளப்பானதா மங்கலானதா என்று கேட்டாலே தீர்ந்துவிடும்.

லினனிலும் குறை இல்லாமல் இல்லை. அழுக்கேறும். வருடக்கணக்கில் ஆடிய லினன் சுற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு இடத்தில் மட்டும் கருத்து, கெட்டிப்பட்டு மின்னும். அந்த ஆட்டக்காரர் எங்கே பிடிக்கிறார் என்பதை அந்தக் கறையே காட்டிக்கொடுக்கும். ஈரத்தில் கஞ்சி விட்டுப்போய் நூல் சிலிர்த்து நிற்கும். ஒரு முனை அறுந்தால் பிரிய ஆரம்பிக்கும். அமெரிக்காவில் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் பழையதை உரித்துப் புதிதாகச் சுற்றித் தந்துவிடுவார். இங்கே அந்த வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். லினன் வாங்குபவர் இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

தோல் சுற்று மெத்தென்று இருக்கும், நன்றாகப் பிடிக்கும். குளிரூட்டிய அரங்கில் உலர்ந்த கையோடு ஆடுபவர்களுக்கு அது சுகம். ஆனால் பிடிப்பு அதிகமாகவே இருப்பதால், இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் உள்ள புதியவருக்கு அது அந்தப் பழக்கத்தை வளர்த்துவிடும். மாட்டுத் தோலோடு நிற்காமல் பல்லி இனங்களின் தோல், யானைக் காதுத் தோல் என்று ஆடம்பரத்துக்குப் போகிறவர்களும் உண்டு. யானையைத் தெய்வமாகவும் குழந்தையாகவும் கொஞ்சும் ஊரில், ஒரு விளையாட்டுக் கோலுக்கு அதன் தோலைப் போர்த்துவது வெட்கக்கேடு. எந்த விலையிலும் அதை வாங்கக் கூடாது.

முதல் கியூ சுற்றில்லாததாக இருக்கட்டும் என்பதற்கு வலுவான காரணம், பின்னால் மனம் மாறினால் என்ன செய்யலாம் என்பதில் இருக்கிறது. மரக் கைப்பிடி கைக்கு ஒத்துவரவில்லை என்றால், மேலே ரப்பர் அல்லது சிலிக்கான் உறையை மாட்டிக்கொள்ளலாம், தேவையில்லாதபோது கழற்றிவிடலாம். விரும்பினால் லேத்தில் பள்ளம் கடைந்து நூல் சுற்றியும் வாங்கலாம். நூல் சுற்றியதை உரித்தாலோ, கையில் மிஞ்சுவது பள்ளமும் அழகில்லாத மரமும்தான். அதை மட்டமாக்கி மரக் கைப்பிடியாக்குவது புதிதாக ஒரு அடிக்கோல் செய்வதற்குச் சமமான வேலை. ஒரு பக்கம் கதவு திறந்திருக்கிறது, மறுபக்கம் ஏறக்குறைய மூடியிருக்கிறது.

கியூ வாங்கப் போகிறவர்கள், கடையில் நின்ற இடத்திலேயே கோலை நான்கு முறை ஆட்டிப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட வேண்டாம். அந்த நேரத்தில் எல்லாக் கைப்பிடியும் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் கை இன்னும் வியர்க்கவில்லை. ஆடி வியர்த்த பிறகுதான் கைப்பிடியின் குணம் வெளிப்படும். கிளப்பில் நூல் சுற்றிய கோல் வைத்திருப்பவரிடமும், மரக் கைப்பிடி வைத்திருப்பவரிடமும் ஆளுக்கு ஓர் ஆட்டத்துக்குக் கோலைக் கேட்டு வாங்கி ஆடிப் பாருங்கள். மேசையில் சாய்ந்து கடைசிப் பந்தை அடிக்கும்போது எந்தக் கோலில் விரல்கள் இறுகாமல் இருந்தனவோ, அந்த வகையை வாங்குங்கள்.