ஒரே முகமாய்த் தெரிந்த செல்கள்

மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்தை ஒட்டி இருக்கிறது தைமஸ் சுரப்பி. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறக் கொழுப்பாகிச் சுருங்கிவிடும். இந்த உறுப்பை மருத்துவம் நெடுங்காலம் தவறாகவே எடைபோட்டது. நாள்பட்ட நோயில் மெலிந்து, தைமஸும் சுருங்கி மாண்ட ஏழைகளின் சடலங்களையே அறுத்துப் பழகியவர்களுக்கு, திடீரென இறந்த குழந்தையின் இயல்பான தைமஸ் வீங்கியதாகத் தெரிந்தது. அதுதான் மரணத்துக்குக் காரணம் என்று முடிவுகட்டி, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நலமாக இருந்த குழந்தைகளின் மார்பில் அதைச் சுருக்க எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது. மன்னிக்க முடியாத அவசரம் அது.

1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த கையோடு தைமஸ் அகற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு நோய் எதிர்ப்பு குன்றிப்போவதைக் காட்டினார். அந்நியத் தோலை ஒட்டினாலும் அவற்றின் உடல் அதை நிராகரிக்கவில்லை. உறுப்பின் வேலை புரிந்தது. ஆனால் உள்ளே நடப்பது புரியவில்லை. நுண்ணோக்கியில் எல்லாச் செல்களும் ஒரே முகமாய்த் தெரிந்தன.

வேறுபாடு மேற்பரப்பில் இருந்தது. நியூயார்க்கில் எட்வர்டு பாய்ஸும் லாயிட் ஓல்டும், ஓர் எலி வகையின் தைமஸ் செல்களை இன்னொரு வகைக்குச் செலுத்தி, அதில் உண்டான எதிர்ப்பொருளைக் கொண்டு செல்களின் மேலுள்ள புரதங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்கள். யாருக்கும் உடனே உதவாத, சலிப்பூட்டும் வேலை. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு தயாரிக்க வழி கண்ட பிறகு, மனிதச் செல்களிலும் அதே தேடல் சூடுபிடித்தது.

எலும்பு மஜ்ஜையிலிருந்து தைமஸுக்கு வந்துசேரும் இளஞ்செல்லின் மேல், இப்படி அடையாளம் கண்ட புரதக் குறிகளான சிடி4ம் இல்லை, சிடி8ம் இல்லை. பின்னர் இரண்டும் தோன்றுகின்றன. அந்த நிலையில்தான் சோதனை. உடலின் சொந்தப் புரதங்களைச் சற்றும் அடையாளம் காணாத செல் மடியும். அவற்றை மூர்க்கமாகப் பற்றுவதும் மடியும். தேறுவது மிகச் சில. அவை ஒரு குறியைக் கைவிட்டு, உதவும் டி செல்லாகவோ கொல்லும் டி செல்லாகவோ வெளியேறுகின்றன. இளமையில் மட்டும் அணியும் சிடி1ஏ குறியோடு டி செல்கள் ரத்தத்தில் பெருகித் திரிந்தால், மருத்துவர் ரத்தப் புற்றுநோயைச் சந்தேகிக்கிறார்.

1981இல் அமெரிக்காவில் இளைஞர்கள் விளங்காத நோயில் விழுந்தபோது, அவர்களின் ரத்தத்தில் உதவும் செல்களே அருகிவிட்டன என்று, செல் குறிகளைப் பற்றும் இந்த எதிர்ப்பொருள்கள்தான் காட்டிக்கொடுத்தன. அந்நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது அதற்குப் பிறகு, 1983இல். ஆய்வு நிதி ஒதுக்கும் மேசையில் அமர்ந்திருப்போரே, எலிச் செல்லின் மேற்பரப்பை ஆராய்கிறவரிடம் உடனடிப் பயன் என்னவென்று கேட்டுத் துரத்தாதீர்கள்.